கால் பார்த்தாச்சு

மார்ச் 3, செவ்வாய்

இன்று மாதக் கூட்டம். பெரிய ஆஸ்பத்திரியும் மூன்று கிளினிக்குகளும் சேர்ந்து நடத்தும் திட்டத்துக்கு ஒரே இலக்கு: வருகிற சுகர்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்காவது, ஒவ்வொரு முறையும் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கிளினிக் தொண்ணூற்றாறு. கைதட்டினார்கள். ஆற்றோரக் கிளினிக் ஐம்பத்தெட்டு. "அவங்களால முடியுது, உங்களால ஏன் முடியல?" என்று அந்த நர்ஸிடம் கேட்டார் பெரிய டாக்டர். அவள் தலை குனிந்தாள். நானும் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 4

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான் காலைப் பார்ப்பதில்லை. கேட்பேன். "கால் நல்லா இருக்கா?" "இருக்கு சிஸ்டர்." கம்ப்யூட்டரில் 'கால் பார்த்தாச்சு' என்ற கட்டத்தில் ஒரு டிக். ஒரு காலை வேளைக்கு முப்பது பேர், நான் ஒருத்தி. ஷூ கயிற்றை அவிழ்க்கவே ஐந்து நிமிஷம் ஆகிறவர்கள். வரிசை வாசலைத் தாண்டினால் எல்லோரும் என்னைத்தான் முறைப்பார்கள் — இதெல்லாம் காரணமா, சாக்கா? சாக்குதான்.

மார்ச் 10

பெரிய டாக்டர் போன் செய்தார். ஆற்றோர நர்ஸ் வியாழக்கிழமை வந்து என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். "நல்ல விஷயம்தானே, பெருமைப்படு" என்றார் வீட்டுக்காரர். நல்லாப் பட்டேன் பெருமை.

மார்ச் 12

நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். அவள் முன்னால் ஒழுங்காகச் செய்தேன். குனிந்து, ஷூவைக் கழற்றி, விரல் இடுக்கு வரை. பன்னிரண்டு மணிக்குப் பதினோரு பேர்தான் முடிந்திருந்தார்கள். வெளியே ஒரே கூச்சல்.

"அக்கா, நானும் இப்படித்தான் பாக்கறேன். உங்களுக்கு மட்டும் எப்படி தொண்ணூத்தாறு வருது?"

"இன்னிக்குக் கொஞ்சம் மெதுவாப் போச்சு" என்றேன். த்தூ.

அடுத்த மாதமும் எண் ஏறாவிட்டால் அவளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்களாம். "என்கிட்டதான் வேகம் இல்லபோல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 19

மாதம் தவறாமல் வருவாரே, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் — பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சாக்ஸுக்குள் ஆறு வாரப் புண். அவர் பதிவைத் திறந்தேன். அந்த ஆறு வாரத்தில் இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டு டிக். இரண்டும் என்னுடையவை.

சுகரில் காலுக்கு உணர்ச்சி போய்விடும். அவருக்கு வலித்தே இருக்காது. அதனால்தானே பார்க்கச் சொன்னார்கள்? கேக்கவா சொன்னாங்க?

மார்ச் 20

சொல்லித் தொலையேன்டி. வாய் ஏன் வரமாட்டேங்குது?

ஏப்ரல் 7

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "எங்க தொண்ணூத்தாறு பொய். அவங்க ஐம்பத்தெட்டுதான் நிஜம்." வேறு என்னென்ன உளறினேனோ. பெரிய டாக்டர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு விசாரணை உண்டு. ஆற்றோர நர்ஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அதற்கும் எனக்கு யோக்கியதை கிடையாது.

ஏப்ரல் 9

அவளுக்கு மாற்றல் இல்லை.

ஏப்ரல் 16

டிரைவர் ஊன்றுகோலோடு கட்டு மாற்ற வந்தார். கூட வந்த மனைவியிடம் என்னைக் காட்டி, "இந்த சிஸ்டர்தான். ஒவ்வொரு தடவையும் கால் எப்படி இருக்குன்னு கேப்பாங்க. வேற யாரு கேட்டா?" என்றார்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"கேட்டேன் ஐயா. பாக்கல. பாத்ததா எழுதிட்டேன். பாத்திருந்தா விரல் தப்பிச்சிருக்கும்."

அந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். நான் கட்டை மாற்றி முடித்தேன். பிறகு டிரைவர் சிரமப்பட்டுக் குனிந்து, வலது கால் சாக்ஸைத் தானே உருவினார்.

"இதைப் பாருங்க" என்றார்.

தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.