மடக்குக் கத்தி என்னும் சக்களத்தி

இன்று கடைவீதியில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியைப் பார்த்தேன். அந்தப் பையன் கண்ணாடிப் பெட்டியின் மேல் மடக்குக் கத்திகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக விரித்து மடக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். கத்திகளை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். வாங்கப் போன மிளகாய் வற்றலை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போனபிறகு உங்களோடு சண்டை போட எனக்கு வேறு வழி ஏது?

உங்கள் பழைய கத்தி தாடிக்கொம்புப் பக்கம் ஒரு கிணற்றில் விழுந்ததும் ஆரம்பித்தது அந்தக் கூத்து. தொண்ணூறுகளின் கடைசி. பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிறவருக்கு எந்நேரமும் பையில் ஒரு கத்தி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத் தவக்காலம் முழுக்கவா தேடுவது? திண்டுக்கல்லில் ஒரு கடை பாக்கியில்லை. கடைசியில், ஈஸ்டருக்குத் துணி எடுக்கலாம் வா என்று மதுரைக்குக் கூட்டிப்போய், வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை வாசலில் என்னை நிறுத்தினீர்கள்.

கடைக்காரர் முதலில் குறடு மாதிரி விரிகிற ஒன்றை எடுத்துப் போட்டார். "இதுல கட்டிங் பிளேயரே இருக்குண்ணே. எல்லாமே ஒண்ணுக்குள்ள."

"பிளேயரு வண்டிப் பையில கிடக்கு தம்பி. கிணத்துக்குள்ள நிக்கிறப்ப எனக்குக் கத்திதான் மொதல்ல கைக்கு வரணும். மத்ததெல்லாம் அதுக்குத் தொணைக்கு இருந்தாப் போதும்" என்றீர்கள்.

அப்புறம் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். இடக்கையில் ஒயர் இருக்குமாம். வலது கட்டைவிரலால் மட்டும் தள்ளித் திறக்க முடிகிறதா என்று பார்த்தீர்கள். விரித்த கத்தி விரல்மேல் மடங்கிவிடாமல் லாக் பிடிக்கிறதா என்று முதுகில் அழுத்திப் பார்த்தீர்கள். சட்டைப் பையில் போட்டுக் குனிந்தீர்கள்; ஒன்று கீழே விழுந்தது. இன்னொன்றைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு, கடைக்குள்ளேயே குத்தவைத்து உட்கார்ந்து எழுந்தீர்கள். கத்தரிக்கோல் உள்ளது வேண்டாம், நான் என்ன டெய்லரா என்றீர்கள். நீளமானது வேண்டாம், பஸ்ஸில் எடுத்தால் சண்டியர் என்று பயப்படுவார்கள் என்றீர்கள். கடைசியில் கறுப்புப் பிடி போட்ட ஒன்று. ஒரு கத்தி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், டப்பா திறக்கிற கொக்கி, ஒரு குத்தூசி, அவ்வளவுதான். அதை மடக்கும்போது வந்த சத்தத்தைக் கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தீர்களே, அடேயப்பா! அந்தச் சிரிப்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது காபி ஆறுவதற்குள் எழுந்துவிட்ட மனுஷன்தானே நீங்கள்? "பொண்ண நல்லாப் பாத்தியாப்பா?" என்று அத்தை கேட்டதற்கு, "பாத்தேன், சரிம்மா" என்றீர்கள். முடிந்தது. மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"கத்திய இம்புட்டு நேரம் பாத்தீங்களே, என்னைய இதுல கால்வாசி பாத்தீங்களா?"

"உன்னையப் பாத்தவுடனே தெரிஞ்சிருச்சு புள்ள" என்று சொல்லிக்கொண்டே பேன்ட் பையைத் தடவிக்கொண்டீர்கள். பதில் நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தடவலைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைப்பானேன்?

வீட்டில் அதற்கு நடந்த உபசாரம் கொஞ்சமா! தினமும் சாயங்காலம் பனியன் துணியில் துடைத்து, மடங்குகிற இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். எனக்குத் தலைவலி என்றால் மட்டும், "தைலம் அலமாரியில இருக்கு பாரு." என் தங்கச்சி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, உனக்குச் சக்களத்தி வந்துட்டாடி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் என்னை உண்மையில் சுட்டது, ஒருநாள் வேலைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போனீர்களே, அந்த நத்தம் பக்கத்து மாந்தோப்பில்தான். மோட்டாரை ஓடவிட்டு முடித்ததும் தோப்புக்காரர் கத்தி கேட்டார். உடனே அவர் உள்ளங்கையில் வைத்தீர்கள். செத்த நேரம் கழித்து மாங்காய் நறுக்க நான் கேட்டேன். நீட்டிய என் கையை விட்டுவிட்டு, மோட்டார் ரூம் படிமேல் வைத்து, "எடுத்துக்க" என்றீர்கள். வீட்டிலும் என்றைக்கும் அப்படித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மாங்காயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ரோட்டில் இறங்கி நடந்தேன். வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தீர்கள்.

"இப்ப என்னாத்துக்கு இம்புட்டுக் கோவம்?"

"ஊர்க்காரவுகளுக்கெல்லாம் கையில குடுப்பீங்க. எனக்கு மட்டும் நாய்க்கு வைக்கிறாப்புல கீழ வைப்பீங்களோ?"

நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டீர்கள். "கத்தியக் கையில குடுத்தாச் சண்டை வரும்னு அம்மா சொல்லும். தோப்புக்காரரு சண்டை போட்டா இன்னொரு தோப்பு இருக்கு. நீ போட்டுட்டுப் போயிட்டா நான் எங்க போவேன்?"

பூனை குறுக்கே போனாலும் வண்டியை நிறுத்தாத ஆள்! சகுனம் பார்க்கிறவர்களைக் கோயில் வாசலிலேயே கேலி செய்கிறவர்! "கீழ வச்சும் இப்ப சண்டை வந்துருச்சே" என்றேன். "அதான் எனக்கும் புரியல" என்றீர்கள். வண்டியில் ஏறிக்கொண்டேன். கோபம் போய்விட்டது, பொறாமை போகவில்லை. அத்தனை அருமையான விளக்கத்தைச் சொன்ன வாய் மூடுவதற்குள், கத்தி பையில் பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டீர்களே, அதை எதில் சேர்ப்பது?

பிறகு சில வருடங்களில் உங்கள் நெஞ்சுவலி எல்லாவற்றையும் முடித்துவிட்டது. கூடத்தில் உங்களைப் பெட்டியில் கிடத்தியிருந்தோம். பங்குச்சாமியார் வந்து ஜெபம் சொல்லி முடித்தார். பெட்டியை மூடப் போகும்போது உங்கள் அக்கா அழுதுகொண்டே வந்து, "எந்தம்பி உசுரா வச்சிருந்தான். அவங்கூடவே போவட்டும்" என்று அந்தக் கத்தியை, ஜெபமாலை சுற்றிய உங்கள் கைக்குள் செருகிவிட்டார்கள். எல்லாரும் இன்னும் சத்தமாக அழுதார்கள். எனக்கு அழுகை பட்டென்று நின்றுவிட்டது. உங்களோடு அதுவா போவது? கடைசி நாளில் கல்லறைகள் திறக்கிறவரை அது உங்கள் கைக்குள் கிடக்கும், நான் இங்கே ஒற்றை ஆளாய்ச் சோறு பொங்கிச் சாப்பிட வேண்டுமா?

எழுந்துபோய் அதை உருவி எடுத்துவிட்டேன். "வேண்டாம் மதினி" என்றேன். ஏனென்று யாரும் கேட்கவில்லை. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறாள் பாவம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அன்றிலிருந்து அது என் கைப்பையில்தான் இருக்கிறது. நான் வேலை பார்க்கிற ஸ்கூலுக்கும் வருகிறது, கோயிலுக்கும் வருகிறது. கண் மறைவில் விட எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்குக் கோபமாக இருந்தால் இருக்கட்டும். அந்தக் கை காலியாகவே இருக்க வேண்டும். நான் வருவேன்.