வெர்லின் ஏறிய பரண்

செப்டம்பர் 7, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும், என் கணவர் வெர்லின் கோட்டைக்கூடக் கழற்றாமல் மான்வேட்டைப் பரண்களின் விலைப்புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிட்டார். போன நவம்பரில் பழைய பலகைப் பரணிலிருந்து விழுந்து கழுத்தெலும்பை முறித்துக்கொண்ட மனிதர். கேட்டால், "விழல லவோன். இறங்கினேன், கொஞ்சம் வேகமா" என்பார். ஆறு வாரம் கரண்டியால் சூப் ஊட்டியது நான். அதனால் இந்த வருடம் பரண் தேர்வில் எனக்கும் ஓட்டு உண்டு என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

என் ஓட்டு ஏணிப்பரணுக்கு. மரத்தில் சாய்த்துக் கட்டிய ஏணி, மேலே கைப்பிடி வைத்த இருக்கை. வெர்லினின் முழங்காலுக்கு வேறென்ன வேண்டும்? கூட வந்த இவர் தம்பி ஆர்டன் கடையிலேயே சிரித்தான். "அண்ணி, இது சின்னப் பசங்க சறுக்குமரம். இத வாங்கினா அண்ணனுக்குக் கீழ மணலும் கொட்டணும்."

ஆர்டனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் இல்லை, மரம் ஏறுவதைத் தவிர வேறு பெருமையும் இல்லை. அவன் சிரித்ததுதான் தாமதம், இவர் தொங்குபரணைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டார். மரத்தண்டில் வாரால் இறுக்கும் ஒரு தட்டு, அதன்மேல் ஒரு குட்டி இருக்கை. ஏறுவதற்குத் தனித்தனிப் படிகள். நம் வீட்டு நாய்கூட அதில் படுக்காது.

செப்டம்பர் 20, சனி

மரம் பார்க்கப் போனோம். இவர் ஒரு மேப்பிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இலை அடர்த்தியாக மறைக்குமாம்! நவம்பரில் அந்த இலையெல்லாம் தரையில் கிடக்கும், நீங்கள் மட்டும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டையில் பூசணிக்காய் மாதிரி மேலே இருப்பீர்கள் என்றேன். கடைசியில், காய்ந்த இலையை உதிர்க்காமல் வைத்திருக்கும் ஓக் மரமாகப் பார்த்துக் கட்டினோம். "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார். வாடைக்காற்று இவர் வாசனையை மான் பாதைக்குக் கொண்டுபோகாத பக்கமாகப் பார்த்ததும் நான்தான். அதையும் சொல்ல வந்திருப்பார்.

அக்டோபர் 18, சனி

பாதுகாப்புப் பட்டை வாங்கி வந்தேன். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும். பரணுக்கு மேலே கட்டி, மரத்தின் அடிவரை தொங்கும் ஒரு கயிறு. முதுகு வாரை அதில் மாட்டிக்கொண்டு தரையிலிருந்தே ஏற வேண்டும். முக்கால்வாசிப் பேர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தானே?

ஆர்டன் அதைத் தூக்கிப் பார்த்து, "டயபரும் இதோட வருமா அண்ணி?" என்றான். இவரும் சேர்ந்து சிரித்தார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இந்த மனுஷன் இல்லாம இந்த வீட்ல ஒரு குளிர்காலத்த நான் எப்படித் தள்ளுவேன்? எவனுக்காவது அது தோணுதா?

அக்டோபர் 19, ஞாயிறு

வேட்டை தொடங்குவதற்கு முந்தின இரவு, காட்டிலுள்ள வேட்டைக் குடிலில் எல்லா ஆண்களும் சாப்பிடுவது என் மான்கறிக் குழம்பைத்தான். பட்டை இல்லையென்றால் குழம்பும் இல்லை. சொல்லிவிட்டேன்.

நவம்பர் 15, சனி

குழம்பு வேலை செய்கிறது. ஆர்டனே வந்து கெஞ்சினான். "மாட்டித் தொலைண்ணே. அண்ணி குழம்பு வராத வருஷம் குடில்ல டெல்மர் ஆக்கிப் போட்டானே, மறந்துட்டியா?" இவர் கராஜுக்குப் போய்த் தனியாக மாட்டிப் பார்த்தார். தொடை வார் கழுத்தில் இருந்தது. அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

குழம்பும் பட்டையும் இவரோடு குடிலுக்குப் போயின. தொங்க நேர்ந்தால் கால் ஊன்றி நிற்க ஒரு வளையம் உண்டு. அதையும் போனையும் இவர் கோட்டின் ஒரே பைக்குள் வைத்து மூடினேன்.

நவம்பர் 22, சனி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் போன். கிசுகிசுப்பு.

"லவோன், சத்தம் போடாத."

"ஏன்? என்னாச்சு?"

"தொங்கிட்டிருக்கேன்."

பட்டையை மாட்டி முடிப்பதற்குள் விடிந்துவிட்டதாம். படியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும்போது உறைபனி வழுக்கிவிட்டது. கயிறு பிடித்துக்கொண்டது. ஆனால் படி முதுகுப் பக்கம், கால் எட்டவில்லை.

"கத்திக் கூப்பிட வேண்டியதுதானே உங்க தம்பிய!"

"மான் நிக்குது லவோன். பத்துக் கிளைக் கொம்பு. என் துப்பாக்கிய மோந்து பாக்குது."

மேலே உட்கார்ந்த பிறகுதான் துப்பாக்கியைக் கயிற்றில் இழுத்துக்கொள்வது வழக்கம். ஆக, துப்பாக்கி கீழே, ஆள் நடுவானில்.

"கால் வளையத்துல நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன். பயமா இருக்கு."

இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை இவர் வாயால் கேட்டதில்லை.

ஆர்டனுக்குப் போட்டேன். வேட்டையின் முதல் நாள் காலையில் விஸ்கான்சினில் சாவுச் செய்திக்குக்கூட யாரும் போன் எடுக்க மாட்டார்கள். நாலாம் தடவை எடுத்தான். "அண்ணன் தொங்குறார்டா, கீழ மான் நிக்குதாம்!" "பேசுறானா?" "பேசுறார்." "அப்ப அந்த மான் இந்தப் பக்கம் வருதான்னு..." பிறகு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. நாளைக்குச் சர்ச்சுக்குப் போக வேண்டும்.

அவன்தான் ஏறி இறக்கினான்.

இவர் வீட்டுக்கு வந்ததும் சொல்வதற்கு ஒரு நீண்ட வசனம் தயாராக வைத்திருந்தேன். வாசலில் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மானைச் சுட்டுத் தவறவிட்டால், சட்டையின் பின்வாலை வெட்டிக் குடில் சுவரில் ஆணியடிப்பார்கள். சுடவே இல்லையே என்று இவர் வாதாடினாராம். "மானுக்குத் துப்பாக்கியக் குடுத்தவனுக்குச் சட்டமே கிடையாது" என்று டெல்மர் கத்தரியை எடுத்துவிட்டான். நான் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த சட்டை.

நவம்பர் 28, வெள்ளி

நேற்றைய நன்றி நாள் விருந்தில் மீந்த வான்கோழிக் கறி கேட்டு ஆர்டன் வந்தான். டப்பாவை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான்.

"அண்ணி, அந்தப் பட்டை என் சைஸ்ல கிடைக்குமா?"

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அன்னிக்கு அவன இறக்க நான் பட்டை இல்லாமதான் ஏறினேன். பாதியில கீழ பாத்துட்டேன். கை கால் ஓடல. அண்ணன் உங்களுக்குப் போன் பண்ணான். நான் தொங்கினா யாருக்குப் பண்றது?"

"எனக்குத்தான், மடையா" என்றேன். "கையத் தூக்கு."

தூக்கினான். வெர்லினின் பட்டையை எடுத்துவந்து, வார்களையெல்லாம் தளர்த்தி, அவன் தொப்பைக்கு அளவு பார்த்தேன்.