குரங்குகளுக்குக் கீழே ஒரு வரி

பியர்பொன்ட்ஸ்,
மொன்றியல், கனடா,
26 ஜனவரி 2003

அன்பின் எமில்,

உங்கள் கிறிஸ்மஸ் கடிதம் வந்து பத்து நாளாகிறது. டிசெம்பர் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இம்முறை குற்றம் தபாலின் மேல்தான். தொலைபேசி நமக்கு ஒத்துவரவில்லை. அந்தத் தொலைபேசிக் கடையில் உங்களுக்குப் பின்னால் நாலு பேர் நிற்பதும், நான் என்ன கேட்டாலும் நீங்கள் "ஓம், ஓம்" என்பதும் இங்கே நன்றாகக் கேட்கிறது. எழுதுவோம்.

குளிர் சுழியத்துக்குக் கீழே இருபத்தெட்டு. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. எலிசா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. வீட்டிலும் பிரெஞ்சுதான் முதலில் வாயில் வருகிறது. நேற்றுக் கேட்டாள்: "அப்பா எந்த மாசம் வாறார் எண்டு வடிவாச் சொல்லுங்கோ. எயார்போட்டுக்குப் போக நான் ஆரிட்டையும் கார் கேக்க வேணும்." எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். உங்களை இங்கே கூப்பிடுவதற்கான பத்திரங்கள் ஒக்ரோபரிலேயே கொழும்பு விசா அலுவலகத்துக்குப் போய்விட்டன. இனி அவர்கள் உங்களுக்குத்தான் எழுதுவார்களாம். ஏதும் வந்ததா?

நூலகத்தில் எனக்குப் புது வேலை. மொன்றியலில் பிறந்த அர்மான் திபோ என்ற மருத்துவர் 1926இல் மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு மஞ்சள் காய்ச்சலை ஆராயப் போனவர். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களைக் குடும்பத்தார் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலிடுவது என் பொறுப்பு. ஒவ்வொரு கடிதத்திலும் முக்கோணமாக ஒரு பழுப்புக் கறை. முதலில் ஈரம் என்று குறித்தேன், பிறகு சந்தேகம் வந்து நாலு கடிதங்களை அடுக்கிப் பார்த்தேன். துணி தேய்க்கும் பெட்டியின் கறை. காய்ச்சல் கடுதாசியோடு வந்துவிடும் என்று பயந்து, அந்த மனைவி ஒவ்வொன்றையும் சூடு வைத்துத் தேய்த்த பிறகுதான் வாசித்திருக்கிறாள். "ழெர்மேன், அது நுளம்பால் வருவது, தபாலால் அல்ல" என்று அவர் ஆறு தடவை எழுதியிருக்கிறார். ஆறாவது கடிதத்திலும் கறை இருக்கிறது.

மலேரியாத் தடுப்பு வேலையில் இருபத்திரண்டு வருடம் நுளம்பு பிடித்தவர் நீங்கள். சிரிப்பீர்கள் என்று எழுதினேன்.

உங்கள்
செலீன்


மன்னார்,
20 பெப்ரவரி 2003

அன்பின் செலீன்,

உமது கடிதத்தை அலுவலகத்தில் வைத்துத்தான் வாசித்தேன், சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த மேசைக் கிருபானந்தன் எட்டிப் பார்த்து, "என்ன ஐயா, இடமாற்றமோ?" என்று கேட்டான். தேய்த்த கடிதங்களின் கதையைச் சொன்னேன். தன் மனைவியும் அவனுடைய அலுவலகச் சட்டைகளைத் தனி வாளியில்தான் தோய்க்கிறாளாம், மலேரியா ஒட்டிவிடும் என்று.

உமது டொக்டர் எந்தக் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார் என்று பாரும். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலில் குரங்கு கொண்டுபோனார்கள் என்று படித்த ஞாபகம். விசா இல்லாமல் போயிருக்கும்.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்ததிலிருந்து வேலை கூடிவிட்டது. பத்து வருடம் கால் வைக்காத ஊர்களுக்கெல்லாம் போகிறோம். சனங்கள் திரும்பி வருகிறார்கள், கூரை போட முதல் காய்ச்சல் வருகிறது. காலையில் மாட்டுக் கொட்டில்களில் தேடுவோம். மாலையில் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இருந்து, காலில் வந்து குந்துகிற நுளம்பைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிப்போம். ஐம்பத்திரண்டு வயதில் இதற்குக் கால் கொடுக்கிற ஆள் நான் ஒருவன்தான். என் காலுக்கு நல்ல கிராக்கி என்று இளம் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள்.

கொழும்பிலிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு எத்தனை ஆயிரம் பேர். எலிசாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்.

நான் சுகம். நீர் குளிரில் தலையை மூடிக்கொண்டு போம். சொன்னால் கேட்க மாட்டீர், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உமது
எமில்


பியர்பொன்ட்ஸ்,
23 மார்ச் 2003

அன்பின் எமில்,

குரங்குகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. இந்தியக் குரங்குகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். திபோ மட்டும் சிலவற்றுக்குப் பெயரும் வைத்து மனைவிக்கு எழுதுகிறார். ஒன்றுக்குத் தன் மாமியாரின் பெயர். அதற்கு அவள் என்ன எழுதினாள் என்பது நமக்குக் கிடைக்காது. பெறுபவர்தானே கடிதத்தை வைத்திருப்பார், அவள் எழுதியவை அங்கேயே தொலைந்துவிட்டன.

ஆனாலும் அவள் கேட்டது என்ன என்பது அவருடைய பதில்களில் தெரிகிறது. எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறாள். 1926 நவம்பர்: அடுத்த கப்பல். ஜனவரி: இந்தத் தொகுதிக் குரங்குகள் முடியட்டும். மார்ச்: உதவியாளர் ஒருவர் படுத்துவிட்டார், அவர் எழும்பட்டும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். நான் ஒப்பிடவில்லை. சரி, ஒப்பிடுகிறேன். 1996இல் நானும் எலிசாவும் புறப்பட்டபோது ஆறு மாதத்தில் வருகிறேன் என்றீர்கள். பிறகு வந்த தடைகள் எதுவும் உங்கள் கையில் இருக்கவில்லை. அதனால்தான் இப்போது வழி திறந்தும் ஓர் அலுவலகத்தின் மேசையில் நாம் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனேன். நான் ஒருவரிடம் போய் நின்று கேட்பவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே இருந்த பெண் கொழும்புக்கு எழுதுவதாகச் சொன்னாள். நான் கொஞ்சம் சூடாகவே கதைத்துவிட்டேன்.

கீழ்த்தளத்து அறையைக் காலியாக்கி, யன்னலோரம் ஒரு மேசை போட்டிருக்கிறேன். உங்கள் நுளம்புப் புத்தகங்கள் அவ்வளவும் அதில் அடங்கும், அளந்துதான் வாங்கினேன்.

டொரொன்டோவில் புதிதாக ஒரு காய்ச்சல் என்று இங்கே பஸ்ஸிலும் சிலர் துணியால் வாயை மூடிக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ழெர்மேனை இனி நான் பழிக்க மாட்டேன்.

உங்கள்
செலீன்


மன்னார்,
14 ஏப்ரல் 2003

அன்பின் செலீன்,

கடிதம் கிடைத்தது. மேசை பற்றி எழுதியிருந்தீர், மிகவும் சந்தோசம். உமக்கு வீண் அலைச்சல். பாராளுமன்ற உறுப்பினர்வரை போக வேண்டாம். கொழும்பில் தாமதம், அவ்வளவுதான். இதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்.

இங்கே நல்ல வெயில், வேலை அதிகம். நான் சுகம். எலிசாவுக்கு என் முத்தங்கள்.

உமது
எமில்


பியர்பொன்ட்ஸ்,
11 மே 2003

அன்பின் எமில்,

பதினாலாம் தேதி நீங்கள் எழுதியது கடிதம் அல்ல, தந்தி. கோபிக்க மாட்டேன். ஆனால் நூலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் முறையில் கடிதங்களும் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளும் ஒரே ஆளுடையவை என்றாலும் வேறு வேறு பெட்டிகளில் போகும். கடிதம் குடும்பத்துக்கு, குறிப்பேடு விஞ்ஞானத்துக்கு. இத்தனை காலமும் எவரும் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை நான் பார்த்தேன், ஒரு தேதியைச் சரிபார்க்க மட்டும்.

1927 ஜூன் 3ஆம் தேதிக் கடிதத்தில் திபோ எழுதுகிறார்: "சற்றுக் களைப்பு, வெயிலால். மற்றப்படி சுகம்." அதே நாள் குறிப்பேட்டில் குரங்குகளின் வெப்பநிலை வரிசை வரிசையாக இருக்கிறது. கடைசிக் குரங்குக்குக் கீழே இன்னும் ஒரு வரி. அதில் இலக்கம் இல்லை, அவருடைய பெயரின் முதலெழுத்துகள் மட்டும். 39.6. மறுநாள் 40.1. கையெழுத்துக்கூடப் பிசகவில்லை. ஆறாம் தேதி காய்ச்சல் இறங்கியிருக்கிறது, 37.2. அன்றுதான் மனைவிக்கு எழுதுகிறார்: "அடுத்த கப்பலில் இடம் கேட்டுவிட்டேன், இது நிச்சயம்." இந்த நோய் ஒருநாள் விட்டதுபோல் காட்டிவிட்டு மறுபடி திரும்பும் என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும். ஏழாம் தேதியிலிருந்து அந்த வரியை வேறு ஒருவர் எழுதுகிறார். பத்தாம் தேதிக்குப் பிறகு குரங்குகள் மட்டும்தான்.

நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். யாரோ ஒரு மனிதர், இறந்து எழுபத்தாறு வருடம். என் பக்கத்தில் வேலை செய்யும் மொனிக் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்தேன். ஏழு வருடத்தில் நூற்றுப்பதினொன்று. எல்லாவற்றிலும் நீங்கள் சுகம். எமில், நான் எதையும் சரிபார்க்காமல் நம்புகிறவள் அல்ல. உங்களை மட்டும் சரிபார்த்ததில்லை.

உங்கள் வெளிக்கள நாட்குறிப்பு எனக்குத் தெரியும். கலியாணத்தன்றுகூட அதில் எழுதிவிட்டுத்தான் கோவிலுக்கு வந்தீர்கள். அதில் நீங்கள் பொய் எழுத மாட்டீர்கள். பெப்ரவரி 20, ஏப்ரல் 14, இந்த இரண்டு நாளும், அவற்றுக்கு இடையில் என்னிடம் சொல்லாதது எதுவோ அதுவும். பார்த்து எழுதி அனுப்புங்கள். உடம்புக்கு ஏதும் என்றால் அதை எனக்குச் சொல்லாமல் விடும் உரிமை உங்களுக்கு இல்லை.

உங்கள்
செலீன்


மன்னார்,
8 ஜூன் 2003

அன்பின் செலீன்,

நீர் கேட்டபடி பார்த்து எழுதுகிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

பெப். 11. முருங்கன். மாட்டுக் கொட்டில் மூன்று, 9 நுளம்பு. விசா அலுவலகக் கடிதம் வந்தது. எல்லாம் சரியாம். கடவுச்சீட்டை அறுபது நாளுக்குள் அனுப்பட்டாம்.

பெப். 20. உயிலங்குளம். 14 நுளம்பு. செலீனுக்கு எழுதினேன். சொல்லவில்லை.

மார்ச் 17. கடவுச்சீட்டை உறையில் போட்டு விலாசம் எழுதினேன். தபாற்கந்தோர்வரை போனேன். மழை இல்லை. திரும்பி வந்தேன்.

ஏப். 12. அறுபதாம் நாள். அடம்பன். நுளம்பு இல்லை.

ஏப். 14. செலீனுக்கு ஒரு பக்கம். அறைக்கு மேசை வாங்கியிருக்கிறாள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை, செலீன். உடம்புக்கு ஏதும் என்றால் இதைவிட இலேசாகச் சொல்லியிருப்பேன்.

போர் நடந்தவரைக்கும் நான் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பாதை இல்லை, பத்திரம் இல்லை, அதுவே போதும். பாதை திறந்த அன்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள், நான் இனி என்ன காரணம் சொல்வது என்று யோசித்தேன். அங்கே வந்தால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே படிப்பித்த எமிலியானுஸ் மாஸ்டரின் தம்பி அங்கே களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறாராம், முன்பு அவர் நில அளவையாளர். அதைக் குறைவென்று சொல்லவில்லை. என்னால் முடியாது என்று சொல்கிறேன். இங்கே ஒரு கொட்டிலுக்குள் போனால் எந்த மூலையில் நுளம்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

உமது கடிதம் வராத மாதம் எனக்கு மாதமே இல்லை. அதனால்தான் சொல்லவில்லை. சொன்னால் எழுதுவதை நிறுத்திவிடுவீர் என்று பயந்தேன். வருவதாக இருக்கும்வரை நீர் எழுதுவீர் அல்லவா. கோழைத்தனம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

இனி நீர் சொல்வதுபோல்.

எமில்


பியர்பொன்ட்ஸ்,
6 ஜூலை 2003

அன்பின் எமில்,

உங்கள் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாள். இதற்குமுன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றும் நியாயமான கடிதங்கள்தான், அதனால்தான் கிழித்தேன்.

முதலில் அலுவல். பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தை மீளப்பெறும் கடிதத்தை வெள்ளிக்கிழமை தபாலில் சேர்த்துவிட்டேன். காரணம் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இனி எந்த அலுவலகமும் நமக்காகத் தாமதிக்காது.

எலிசாவுக்கு நானே சொன்னேன். வாசல் படியில் இருந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பாக்கு விசா குடுக்கேல்லையோ?"

"குடுத்தவங்கள். அவருக்கு வர விருப்பமில்லை."

மற்றச் செருப்பையும் கழற்றி வைத்தாள். பிறகு, "உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றாள். போன கிழமை என்றேன். "எனக்குப் பதினைஞ்சு வயசிலையே தெரியும், அம்மா" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று இரண்டு பேருக்கும் அவள்தான் சமைத்தாள்.

நீங்கள் வராததை நான் மன்னிக்க முடியும். ஐம்பது வயதை எட்டும் ஒருத்திக்கு, ஒரு மனிதனால் தன் வேலையை விட்டு வர முடியாமல் போவது விளங்காத விடயம் அல்ல. இங்கே வந்து முதல் இரண்டு வருடம் நான் என்ன செய்தேன் என்பதை நானும் உங்களுக்கு முழுதாக எழுதியதில்லை. ஆனால் வருவேன் என்று என்னைக் காத்திருக்க வைத்ததை மன்னிக்க நாளாகும். எத்தனை நாள் என்று தெரியாமல் ஒரு கணக்கைச் சொல்லமாட்டேன்.

ஒன்றை மட்டும் தவறாக நினைத்துவிட்டீர்கள். வருவீர்கள் என்பதற்காக நான் எழுதவில்லை. என் நாளை எடுத்துச் சொல்ல எனக்கு உங்களைத் தவிர ஒருவரும் இல்லை, அதற்காக எழுதினேன். அது இன்னும் மாறவில்லை. மனைவியாக எழுதுகிறேனா என்று இப்போது கேட்காதீர்கள். எழுதுகிறேன்.

டிசெம்பர் விடுமுறைக்கு எலிசா மன்னாருக்கு வருகிறாள், தனியாக. பதின்மூன்று வயதில் பார்த்தவளைத் தேடாதீர்கள், உயரம் என்னை மிஞ்சிவிட்டாள். தமிழ் தடுமாறும், ஆனால் கேட்க வேண்டியதை எப்படியும் கேட்டுவிடுவாள். நான் எதுவும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை, உங்களுக்காகப் பரிந்தும் பேசவில்லை. அவள் கேட்பதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லுங்கள். அது அவளுக்குப் பிடிக்காமல் போனாலும் சொல்லுங்கள்.

அன்புடன்
செலீன்