அன்று மூடுபனி இல்லை

மார்ச் 4, 1968, திங்கள்

மழை. முழங்கால் குடைகிறது. லண்டனிலிருந்து காதோடு ஒரு செய்தி வந்தது: ஜூன் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம். பிரிகேடியர் டென்ஸில் ஃபேர்க்ளஃப் மேஜர் ஜெனரல் ஆகப்போகிறான். என் மனைவி ஹெஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "முப்பது வருஷமா உங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சாச்சு. எனக்கும் ஒரு நல்ல வீடு வேணாமா?" என்கிறாள். வேண்டும்தான்.

மார்ச் 7, வியாழன்

பழைய தோழன் டியூக்கிடமிருந்து தபால். ஓய்வுபெற்ற மேஜர், எங்கள் படைப்பிரிவின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறான். கொரியா அத்தியாயத்தின் அச்சுப்படி. அங்கே இருந்தவன் என்பதால் நான் படித்துப் பக்கம் பக்கமாகச் சுருக்கொப்பம் போட வேண்டும். 212-ஆம் பக்கம்: "கேப்டன் கார்சைட்டின் கணக்குப் பிழையால் நமது மோர்ட்டார் குண்டுகள் நம்மவர் மீதே விழுந்து மூவர் இறந்தனர்."

அந்தப் பக்கத்தில் மட்டும் சுருக்கொப்பம் போடவில்லை.

மார்ச் 8

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். பிழை என்னுடையது.

வரைபடத்தில் ஓர் இடத்தைச் சொல்வதென்றால் முதலில் குறுக்கு எண், பிறகு மேல் எண். சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்கு மண்டையில் ஏற்றிவிடுவார்கள். அன்று நான் மாற்றிக் கொடுத்தேன். கொடுத்த இடத்தில், மோர்ட்டார்களுக்குப் பொறுப்பாக இருந்த கார்சைட் சுட்டான். அங்கே இருந்தது நம் பையன்கள்.

விசாரணையில் "நான் சரியாகத்தான் கொடுத்தேன்" என்றேன். கார்சைட் வாயே திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? தளபதி காயப்பட்டு மருத்துவமனையில். பட்டாளம் என் பொறுப்பில். அந்த வருடம் அவனைப் பற்றிய அறிக்கையை நானே எழுதினேன்: "நெருக்கடியில் கணக்குத் தவறுபவர்." பாதகமான அறிக்கை என்றால் அந்த அதிகாரியிடமே காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கினேன். பேனாவும் நான்தான் கொடுத்தேன்.

அடுத்த வருடம் அவன் ராணுவத்தை விட்டுப் போனான். நான் கர்னல் ஆனேன், பிரிகேடியர் ஆனேன். சீ, என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 16, சனி

லட்லோவுக்கு ரயிலில் போய்வந்தேன். ஹெஸ்டரிடம் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

கார்சைட் அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். கணக்கு! மேசை நிறைய நோட்டுப் புத்தகங்கள், கையில் சிவப்பு மை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஐம்பது வயது மனிதர், விறைப்பாக. எனக்குக் கூசிப்போயிற்று.

மனைவி மாட் தேநீர் வைத்தாள், கேக் வைத்தாள், உட்காரவில்லை. "ஒவ்வொரு நவம்பரும் போர்ல செத்தவங்களுக்காக ஊரே நினைவுத்தூண்கிட்ட நிக்குது. இவர் மட்டும் தோட்டத்துல குழி தோண்டிக்கிட்டிருப்பார். ஏன்னு உங்களுக்குத் தெரியுமா, பிரிகேடியர்?"

"மாட், போதும்மா."

"போதாது லயனல்."

அவள் உள்ளே போனபின், பிழை என்னுடையது என்று தெரியுமா எனக் கேட்டுவிட்டேன். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம்.

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க குடுத்த எண் தப்பா இருக்கலாம் சார். சுடறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை வரைபடத்தைப் பார்த்திருக்கணும். பார்க்கலை. செத்த மூணு பேருக்கு நாம ரெண்டு பேரும்தான் பொறுப்பு. நீங்களே வாயைத் திறப்பீங்கன்னு நினைச்சேன்."

பதினேழு வருடம் நினைத்திருக்கிறார்.

"புத்தகத்தில் உண்மை வரும். இது என் வாக்கு" என்றேன். நம்பியது போல்தான் தெரிந்தது. ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்தார்.

மார்ச் 19

டியூக்குக்கு எழுதிப் போட்டுவிட்டேன். இரண்டு பக்கம், மழுப்பாமல். பிறகுதான் ஹெஸ்டரிடம் சொன்னேன்.

துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "இது வெளியே வந்தா பட்டியல்ல பேர் இருக்குமா?"

"இருக்காது."

"அந்த கார்சைட் சம்சாரம் முகத்தைப் பார்த்துட்டு வந்து என் முகத்தையும் பார்க்கறீங்களே" என்றாள். திட்டினாளா, அழுதாளா, தெரியவில்லை. ஆனால் நேற்றிரவை விட நன்றாகத் தூங்குவேன் என்று தோன்றுகிறது.

மார்ச் 27, புதன்

டியூக் தொலைபேசியில் வந்தான். வரலாற்றுக் குழு கூடியதாம்.

"உனக்கென்னப்பா பைத்தியமா? செத்தவங்களோட அப்பா அம்மாவெல்லாம் இன்னும் இருக்காங்க. உன் பேரைப் போட்டா படைப்பிரிவுக்கே அசிங்கம். கார்சைட் பேரையும் எடுத்துடறோம். 'கடும் மூடுபனி காரணமாக'ன்னு போட்டா முடிஞ்சது. யாருக்கும் கெடுதல் இல்ல பாரு."

"அன்னிக்கு மூடுபனியே இல்லையே. வெயில்ல கண்ணு கூசிச்சு."

"கொரியாவுல என்னிக்கு வெயில், என்னிக்குப் பனின்னு எவன் கேட்கப்போறான்? உன் கடிதத்தை அடுப்புல போட்டுட்டேன். சுருக்கொப்பம் போட்டு அனுப்பு."

கார்சைட் பெயர் போகிறதே, அது நல்லதுதானே? அவருக்கு வேண்டியது அதுதானே?

இல்லை. அவருக்கு வேண்டியது அதுவல்ல. எனக்குத் தெரியும்.

லண்டனில் ராணுவத் தலைமைக்கு நானே நேராக எழுதலாம். யாரும் தடுக்க முடியாது. ஒரு உறை, ஒரு தபால்தலை, அவ்வளவுதான்.

மார்ச் 28

சுருக்கொப்பம் போட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது. மேஜர் ஜெனரல். ஹெஸ்டர் கட்டிக்கொண்டாள். லட்லோ பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

அக்டோபர் 19, சனி

புதிய வீடு. சமையலறையில் ஹெஸ்டர் ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள்.

காலைத் தபாலில் ஒரு பொட்டலம். படைப்பிரிவின் வரலாறு. போன மாதம் கார்சைட்டுக்கு நான் அனுப்பிய அதே பிரதி. கடிதம் எதுவும் இல்லை. பக்கங்களைப் புரட்டினேன். 212-இல் "கடும் மூடுபனி" என்பதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், மாணவனின் கணக்குக்குப் போடுவது போல, ஒரு தப்புக்குறி.

பொட்டலத்தின் மேல், அழகான கையெழுத்தில், என் புதிய பதவியைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.