பெட்டி பழகட்டும்

பினார் தெல் ரியோ,
பிப்ரவரி 11

அன்பு மகள் மைடெலினுக்கு,

நான் இங்கே நலமாகத்தான் இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனியாக முடிவெடுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனிக்குள் சுகமாக இருக்க கோப்ரே மாதா துணை நிற்கட்டும். இதைக் கொண்டுவந்து தருபவள் நம் எதிர்வீட்டு சோய்லா, மகனைப் பார்க்க வின்னிபெக் வருகிறாள், அவளுக்கு முதலில் சூடாக ஒரு காபி கொடு, பாலை ஊற்றிக் கெடுத்துவிடாதே. அவள் கையில் ஒரு பொட்டலமும் இருக்கும். அதைப் பிரிக்கும் முன் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. உள்ளே இருப்பவை உன் அம்மா தன் கையால் சுற்றிய பத்தொன்பது சுருட்டுகள். இருபதாவது என்று ஒன்று இனிமேல் கிடையாது.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், அம்மா சுற்றியது எதுவாவது இருந்தால் அனுப்புங்கள், புகைக்க இல்லை, வைத்துக்கொள்ள, அதற்கென்றே புதுப் பெட்டி வாங்கி உள்ளே ஈரத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டேன், வந்த அன்றே அடுக்கிவிடுவேன் என்று. அதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். சுருட்டு ஆலையில் நாற்பத்தொரு வருடம் இலை சுற்றியவளின் மகள் செய்கிற வேலையா இது? ஆனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் கிடையாது, அந்த ஈரத் துணி உனக்கு என் வழியில் வந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் தச்சன் உபால்தோ செத்ரோ மரத்தில் ஒரு பெட்டி செய்து தந்தான், மூடியைத் திறந்தால் வீடே மணக்கும். நான் அப்போது ஆலையில் வாசகன், இருநூறு பேர் சுருட்டுச் சுற்ற மேடையில் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும் மதியத்துக்கு மேல் நாவலும் சத்தமாகப் படிப்பவன், எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்தேன், புதுப் பெட்டியை ஈரத் துணியால் துடைத்து உடனே சுருட்டை அடுக்கலாம் என்று. அப்படியே செய்தேன். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்த சுருட்டு மொத்தமும் அதற்குள் போயிற்று. நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் சும்மா கிடந்திருந்தாலே நன்றாக இருந்திருக்கும். துடைத்த ஈரத்தில் மூடி வளைந்து ஒரு பக்கம் வாய் பிளந்தது, உள்ளே காய்ந்த மரம் சுருட்டில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் குடித்துவிட்டது, பத்து நாளில் மேல் இலை பாளம் பாளமாக வெடித்தது.

இது தெரியவரும் முன்பே நான் அந்தப் பத்திரிகையை மேடையிலும் வாசித்துவிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, வாசிப்பு பிடித்தால் இலை வெட்டும் பிறைக் கத்தியால் பலகையில் தட்டுவார்கள், பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். அன்றைக்கு முதலில் விழுந்தது மூன்றாம் வரிசை ஜன்னலோரக் கத்தி, உன் அம்மாவுடையது. அப்புறம் ஹால் முழுக்கக் கணகணவென்று விழுந்தது. சாயங்காலம் வாசலில் எனக்காகக் காத்து நின்றாள். “வாசகரே, மரத்துக்குத் தாகம்யா. முதல்ல அதுக்குத் தண்ணி காட்டு, அப்புறம் என் பிள்ளைங்கள உள்ள படுக்க வை” என்றாள். நான் அவமானத்தில் தலையைத் தொங்கப்போட்டு நடந்தேன். வழியில் கொய்யாப்பழ மிட்டாய் வாங்கி என் வாயில் திணித்து, “கத்தி கீழ விழுந்தா எடுத்துக்கலாம்யா, மூஞ்சிய எடுத்து மாட்டு” என்று சிரித்தாள். நாற்பது வருடம் ஆயிற்று, அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அதனால் இப்போது நான் சொல்வதைக் கேள். துடைத்த பெட்டியைத் திறந்தபடி நிழலில் இரண்டு நாள் வை, துணி ஈரம் போகட்டும். அப்புறம் மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் பூக்கும், நாற்றம் பிடிக்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடு, தண்ணீர் மரத்தில் படக் கூடாது. குறைந்தால் ஊற்று, மற்றபடி திறந்து திறந்து பார்க்காதே, உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமோ பத்து நாளோ, அங்கே நீங்கள் போடும் அடுப்புச் சூட்டில் இரண்டு வாரம்கூட ஆகலாம். புது இரும்புச் சட்டியைப் பழக்குவது போலத்தான், அவசரப்பட்டால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பெட்டியோடு வந்த, உள்ளே எவ்வளவு ஈரம் என்று காட்டும் ஈரமானியை அப்படியே நம்பாதே. ஒரு பாட்டில் மூடியில் உப்புப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, ஈரமானியோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டி ஒரு பகல் ஒரு ராத்திரி விடு, எழுபத்தைந்து காட்டினால் அது யோக்கியமானது. பெட்டிக்குள் எழுபதை ஒட்டி அசையாமல் நின்றால் மரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை சுருட்டுகள் நான் கட்டிய பையிலேயே இருக்கட்டும். அடுக்கிய பிறகு வெயில் படாமல், அடுப்புப் பக்கம் போகாமல் வை, சூடு ஏறினால் புழு வந்து ஓட்டை போடும். மாதம் ஒருமுறை மேலே இருப்பதைக் கீழே மாற்று. மெல்லிய வெள்ளைப் பொடி பூத்தால் பயப்படாதே, துடைத்தால் போய்விடும், பஞ்சு மாதிரி பூசணம் வந்தால் மட்டும் அதைத் தனியே எடுத்துவிடு.

இவ்வளவு பாடம் எதற்கு என்றால், மகளே, உனக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், நேராகச் சொல்லத் தைரியமில்லாமல்தான் தண்ணீரையும் உப்பையும் பேசிக்கொண்டிருந்தேன். கனடாவுக்குப் பேப்பர் வந்துவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்கு உன் அம்மா சமையல்கட்டில் அந்தப் பழைய பிறைக் கத்தியால் யூக்கா கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைத் தரையில் போட்டாள். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டுதான் நீ விமானம் ஏறினாய். அப்புறம் நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவுக்கு இன்னும் கோபமா என்று கேட்டாய், அவள் ஒருமுறைகூட என் கடிதத்தின் கீழே ஒரு வரி எழுதவில்லை. நானும் அவள் சுகம் என்று மட்டும் எழுதி மழுப்பினேன். அடக்கத்துக்கு உன்னால் வர முடியவில்லை, அதற்குப் பிறகும் அதையேதான் கேட்கிறாய்.

கோபமே இல்லை. உன் கடிதம் வந்த அன்று கைக்காரியம் எதுவானாலும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, “வாசகரே, படி” என்பாள். மேடையில் படித்த மாதிரி நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும், முழுங்கினால் மறுபடி படிக்கச் சொல்வாள். நான் முடித்ததும் அதே கத்தியை எடுத்து மேசையில் தட்டுவாள். மறுநாள் ஆலையில் தன் பங்குக்குக் கிடைக்கும் சுருட்டுகளில் ஒன்றைப் புகைக்காமல் கொண்டுவந்து அலமாரியில் தனியே வைப்பாள். இது எதுக்குடி என்றேன். “நீ எழுத்துல பதில் போடு, நான் இலையில போடறேன்” என்றாள். மகளிடம் சொல்லட்டுமா என்று கேட்டதற்குக் கண்ணை உருட்டி, “வாயைத் திறந்தே தொலைஞ்ச! தெரிஞ்சா அந்தப் பைத்தியம் அழுதுக்கிட்டு அடுத்த விமானத்துல வந்து நிக்கும். அது அங்க வேர் புடிக்கட்டும்யா” என்றாள். அவளுக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை நான் காப்பாற்றினேன், உன்னைத்தான் காப்பாற்றவில்லை. அது என் தப்பு, மன்னித்துவிடு.

இப்போது நீ வேர் பிடித்துவிட்டாய், இனிச் சொல்லலாம். அந்தக் கத்தியும் பொட்டலத்தில் இருக்கிறது, என் பழைய சட்டையில் சுற்றியிருக்கிறேன், சுருட்டோடு சேர்த்து வைக்காதே, துருப்பிடிக்கும். பெட்டி தயாரானதும் உனக்குத் தோன்றினால் மேசையில் ஒருமுறை தட்டு. சோய்லாவிடம் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கொடுத்தனுப்பு, முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், உனக்கு இரட்டிப்பாக. மறந்துவிடாதே, குழாய்த் தண்ணீர் கூடாது.

உன் கடிதங்களை நேற்று எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு இருக்கின்றன. கடைசி மூன்றும் அவள் போன பிறகு வந்தவை. அவற்றையும் அவள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சத்தமாகத்தான் படித்தேன், அந்த மூன்றுக்கு மட்டும் சுருட்டு இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
வாசகன் எவெலியோ