சேறு படாத ஸ்டாப்பர்

உன் உம்மா கொடுத்த துணிப்பை மேசைமேல் இருக்கிறது. உள்ளே ஒரு வெள்ளை ஷார்ட்ஸ், காலேஜ் டீமில் நீ போட்டது. நீலம் போட்டுத் துவைத்து, இஸ்திரி மடிப்புக் கலையாமல் வைத்திருந்திருக்கிறார்கள். பிரித்தால் வலது இடுப்போரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. பொன்னேரிக் களிமண். நான்கு நாளாக அதை எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருக்கிறேன். யாருடையது என்று வீட்டில் கேட்டார்கள், எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ இருந்தபோது சொல்லவேண்டியதையே ஏழு வருஷம் தள்ளிப்போட்டவன் நான், இதுவும் அந்த லட்சணம்தான்.

உன்னை முதலில் பார்த்தது, செல்போனில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம். கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பி ஃபேக்டரிக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. வருஷத்துக்கு ஓர் ஆட்டக்காரனுக்குப் பர்மனென்ட் வேலை கொடுப்பார்கள். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டு ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஆள் பார்க்கிற பொறுப்பைத் தந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலேஜ் மேட்சுகளுக்குப் போய், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் குடையோடு உட்கார்ந்து, நோட்டில் எழுதிக்கொண்டு வருவேன். அந்த வருஷம் எங்களுக்கு வேண்டியது ஒரு ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள். அவனைத் தாண்டிவிட்டால் அப்புறம் கோல்தான்.

ஸ்டாப்பரை எடைபோட எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்தில்தான் பார்ப்போம். மேட்ச் முடிந்ததும் கிட்டே போய் அவனுடைய ஷார்ட்ஸைப் பார்ப்போம். சறுக்கி விழுந்து, காலைப் போட்டுப் பந்தைப் பறித்தவன் இடுப்புவரை சேறாக நிற்பான். "சேறு பொய் சொல்லாது" என்பது எனக்கு முன்னால் ஆள் பார்த்தவர்கள் விட்டுப்போன வாக்கு. நானும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று பொன்னேரி கிரவுண்டில் கணுக்கால் புதைகிற சேறு. எதிர் டீம் திருவள்ளூரிலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய ஸ்டாப்பர் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் விழுந்தான், புரண்டான், எழுந்தான். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். நீ ஒரு தடவைகூட விழவில்லை. பந்து வருகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றிருந்தாய். ஃபார்வர்ட் தலை நிமிர்ந்து பார்த்தால் எதிரே நீ இருப்பாய், அவன் வேறு பக்கம் தட்டிவிடுவான். அங்கேயும் நீ ஏற்பாடு செய்து வைத்த ஆள் நின்றிருப்பான். "டேய், லெஃப்ட்ல ஆளு வரான் பாரு", "நீ அங்கியே நில்லு, நான் பாத்துக்கறேன்" என்று கை நீட்டிப் பேசிக்கொண்டே இருந்தாய். நான் நோட்டில் எழுதினேன்: தலையால் முட்டுவது நன்று. வேகம் சுமார். பேச்சு அதிகம்.

மேட்ச் முடிந்ததும் உன்னிடம் வந்தேன். வெள்ளை ஷார்ட்ஸ் சலவைக்குப் போய் வந்தது போல இருந்தது. உங்கள் பி.டி. மாஸ்டர் என்னைத் தனியே அழைத்துப் போய், "அப்பா இல்லாத பையன் சார். பழவேற்காட்லேர்ந்து பஸ் புடிச்சி வரான். இந்த வேல கெடச்சா அவங்க ஊடே நிமிந்துடும்" என்றார். நீ நாலடி தள்ளி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். "அடுத்த ஞாயிறும் ஒரு தரம் வந்து பாத்துட்டு சொல்றேன் சார்" என்றேன். உன் காதில் விழட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. ஊத்துக்கோட்டைக்குப் போய்விட்டேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் மனசுக்குள் முடிவு ஏற்கெனவே ஆகியிருந்தது. திங்கட்கிழமை உன் பெயருக்கு நேரே "காலைப் போடத் தயங்குகிறான்" என்று எழுதிக் கொடுத்தேன். சேற்றில் புரண்டவனுக்கு வேலை கிடைத்தது.

அவன் எங்களிடமும் புரண்டான். அவன் விழுகிற ஒவ்வொரு தடவையும் பந்து அவனைக் கடந்து போயிருந்தது. லேட்டாக வருகிறவன்தான் விழுகிறான் என்பது எனக்குப் புரியவே ஒரு சீசன் பிடித்தது. ஒன்றரை வருஷத்தில் அவன் துபாய்க்குப் போய்விட்டான். கம்பெனி டீமையே கலைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு நாள் நீ வந்தாய், கான்ட்ராக்டரின் ஆளாக, யார்டில் கம்பிக் கட்டு ஏற்ற.

உன்னை அடையாளம் தெரிந்தும் தெரியாதவன் மாதிரி ஒரு வாரம் ஒளிந்து திரிந்தேன். நீயாக வந்து, "அண்ணா, நீங்க ஃபார்வர்டு ஆடுனீங்களாமே, வாங்க" என்று சாப்பாட்டு நேரத்து ஆட்டத்துக்கு இழுத்துப் போனாய். அரைமணி நேரம் நொண்டிக் காலோடு உன்னைத் தாண்டப் பார்த்தேன். நீ என்மேல் இடிக்கக்கூட இல்லை. நான் போக நினைத்த இடத்திலெல்லாம் முன்னாலேயே நின்றிருந்தாய், அவ்வளவுதான். மூச்சிரைக்க உட்கார்ந்து, "ஏன்டா, காலப் போடவே மாட்டியா?" என்று கேட்டேன். "கால ஒரு தடவதான்ணா போட முடியும். நின்னுக்குனு இருந்தா எப்ப வேணா போடலாம்" என்றாய். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அன்றே சொல்லியிருக்கலாம், எனக்குத் தைரியம் இல்லை. காலையில் பொன்னேரியில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருப்பாய். பெருநாளைக்கு உன் வீட்டு பிரியாணி வரும். ஒவ்வொரு வாய்க்கும் அந்த நோட்டு ஞாபகம் வரும். யார்டில் கிரேன் தூக்கிய கட்டு ஆடும்போது, "அண்ணா, தள்ளி வா", "நீ அந்தாண்ட போ" என்று கிரவுண்டில் பேசியது போலவே பேசிக்கொண்டிருப்பாய். உன் ஷிஃப்ட்டில் ஒருத்தருக்கும் அடிபட்டதில்லை. உன்னைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். "அப்படி என்ன செஞ்சிட்டான்?" என்று கேட்டார்கள். ஒன்றும் நடக்காமல் இருந்ததை எதைக் காட்டி நிரூபிப்பது? நோட்டில் உனக்கு எதிராக எழுதும்போது மட்டும் எனக்கு வார்த்தை தடையில்லாமல் வந்தது.

மஞ்சள் காமாலை முற்றி, நீ சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் சொன்னேன். பார்வை நேரம், கட்டிலைச் சுற்றி ஜனம். உன் காதருகே குனிந்து, "அன்னிக்கி உன்ன வேணாம்னு எழுதுனது நான்தான்டா" என்றேன்.

"தெரியும்ணா."

"எப்டிடா?"

"மேட்ச் முடிஞ்சி நேரா எங்கிட்ட வந்தியே. என் மூஞ்சப் பாக்கல. ஷார்ட்ஸத்தான் பாத்த. அப்பவே புரிஞ்சிக்கினேன்."

"அப்ப ஏன்டா இத்தினி வருஷமா கேக்கல?"

"கேட்டு இன்னா ஆவப்போவுது? அப்பறம் நீ மத்தியானம் சோத்துல பங்கு குடுக்க மாட்ட. எனக்குத்தான் பேஜாரு" என்று சிரித்தாய். கண் மஞ்சளாக இருந்தது. நானும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். ஒன்பது நாளில் நீ போய்விட்டாய்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிறார்கள் என்று பழவேற்காடு போனபோது உன் உம்மா இந்தப் பையைக் கொடுத்தார்கள். "நீங்களும் பந்து ஆடுனவங்களாமே தம்பி, நீங்களே வச்சிக்கிங்க" என்றார்கள். பிரித்து, அந்தக் கறையைத் தடவிக் காட்டினார்கள். "ஒரே ஒரு நாளுதான் சேத்தோட ஊட்டுக்கு வந்தான். இன்னாடா இதுன்னேன். 'வேணும்னே வுழுந்தேன் உம்மா. ஃபேக்டரிலேர்ந்து பாக்க வரேன்னு சொன்னாங்க, வரல'ன்னான். எத்தினி சோப்பு போட்டும் போவல, பாருங்க." பார்க்க வராதவன் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தெரியும் என்று சொன்ன நீ, இதை மட்டும் மறைத்துவிட்டாய். எனக்கு வலிக்கும் என்றுதான் மறைத்திருப்பாய். சேறு பொய் சொல்லாது என்று நம்பியவனுக்காக, வாழ்நாளில் ஒரு தடவை நீ சேற்றையும் பொய் சொல்ல வைத்திருக்கிறாய். விழ அவசியமே இல்லாத இடத்தில் விழுந்து எழுந்து, கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் குடை தெரிகிறதா என்று எத்தனை தரம் திரும்பிப் பார்த்தாயோ. அந்த நேரத்தில் நான் ஊத்துக்கோட்டையில் பந்தியில் இருந்தேன். கறிக்குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது.

நேற்று ஸ்டோர்ஸில் ஒரு டிரைவர், மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டார், தச்சூருக்கு அந்தப் பக்கம் எங்கோ. "வரேன்" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, யோசித்து, அப்புறம்தான் சொன்னேன். சொன்னதால் இன்று காலை மழையில் நனைந்துகொண்டே போய்விட்டு வந்தேன். உனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, தம்பி.