அவர் என்னைக் கேட்டார்

வியாழக்கிழமை, இரவு

இன்று சாயங்காலம் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் எல்லா முடிவையும் தானே எடுத்துப் பழகிய மனிதர். "மதுக்கரை ஸ்கூல்ல டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களே அம்மணி, போறயா வேண்டாமா? நீயே சொல்லு" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அவர் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். போன வாரம் அங்கே பயிற்சி கொடுக்க வந்தவர், "நீங்க பிறவித் தலைவர் ரகம், மத்தவங்களையும் முடிவெடுக்க விடுங்க" என்றாராம். பெருமையாக வந்து சொன்னார்.

அவருக்குக் கீழே வேலை செய்யும் மணி ஒருமுறை கோயிலில் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. "அண்ணன் எங்களைக் கேட்டுத்தானுங்க எதையும் செய்வாரு. ஆனா கடைசில அவரு நெனச்சதையே நாங்க சொல்லியிருப்போமுங்க."

போகிறேன் என்றேன்.

"நல்ல முடிவு கண்ணு. காலைல ஊட்டு வாசலுக்கே வேன் வந்துரும். நேத்தே பேசிப்போட்டேன்."

"நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"அப்படிச் சொல்ல உனக்கு மனசு வராதுன்னு தெரியும்."

இந்த வேலைக்கு நானாகத்தான் ஆசைப்பட்டேன் என்று நினைத்திருந்தேன். யோசித்தால், பேப்பரில் விளம்பரத்தைக் காட்டியதே அவர்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, வேன் வேண்டாம், பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார்.

"அதுவும் நல்ல முடிவுதான்" என்றார்.